‘எந்த நெட் நல்லாயிருக்கும்?’ என்று கேட்பதற்கு முன்

வியாசர்பாடிக்கு வீடு மாறி வருபவர்கள் அக்கம்பக்கத்தில் முதலில் விசாரிப்பது தண்ணீரைப் பற்றி. அடுத்தது நெட்டைப் பற்றி. தண்ணீர் எப்போது வரும் என்றால் தெரு முழுவதும் ஒரே பதில் சொல்லும். எந்த கம்பெனி நெட் போடலாம் என்றால் வீட்டுக்கு ஒரு பதில். எம்.கே.பி. நகரில் ஒருவர் ‘மூணு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல’ என்று மெச்சும் அதே கம்பெனியை, சர்மா நகரில் ஒருவர் ‘காசு கொடுத்து வயித்தெரிச்சலை வாங்கினேன்’ என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கம்பெனி ஒன்றுதான், ஆனால் இருவர் வீட்டுக்கும் வந்து சேரும் வழி வேறு வேறு.

வீட்டு இணைய இணைப்பில் பெரும்பாலும் இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற்ற இணையச் சேவை நிறுவனம் முதலாவது. இந்த உரிமத்தில் நாடு முழுவதற்கும் ‘ஏ’, ஒரு மாநில அளவிலான வட்டத்துக்கு ‘பி’, ஒரு மாவட்ட அளவுக்கு ‘சி’ என்று வகைகள் உண்டு. அந்த நிறுவனத்திடம் பேண்ட்வித்தை (ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு போகலாம் என்ற கொள்ளளவை) மொத்தமாக வாங்கிப் பகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் இடைநிலைக்காரர் இரண்டாவது. உங்கள் மொட்டை மாடி வழியாக வயர் இழுத்த கேபிள்காரர் மூன்றாவது. பில்லில் இருப்பது முதலாமவரின் பெயர். நெட் போனால் ஏணியோடு வருவது மூன்றாமவரின் ஆள். சில பெரிய நிறுவனங்கள் சொந்த ஆட்களை வைத்தே வேலை பார்க்கின்றன, பி.எஸ்.என்.எல். உட்படப் பலர் கடைசி அரைக் கிலோமீட்டரை உள்ளூர்க் கூட்டாளிகளிடம் விட்டிருக்கிறார்கள். ஆகவே பக்கத்துத் தெருக்காரர் ஒரு கம்பெனியைப் புகழும்போது, அவர் புகழ்வது பெரும்பாலும் தன் தெரு வயரையும், கூப்பிட்டால் வரும் லைன்மேனையும்தான்.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1990களில் தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு வீடு வயர் இழுத்தவர்கள்தான் இன்றைய இணைய இணைப்புக்கும் அடித்தளம் போட்டவர்கள். கட்டணச் சேனல் பார்க்க செட்-டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை 2003 செப்டம்பர் 1ஆம் தேதி சென்னையில் அமலுக்கு வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. மேலே யார் மாறினாலும் தெருவில் கேபிள்காரர் மாறவில்லை. தொலைக்காட்சிக்குப் போட்ட கோஆக்சியல் வயரிலேயே (நடுவில் செம்புக் கம்பியும் சுற்றிலும் உலோகப் பின்னலும் கொண்ட கறுப்பு வயரிலேயே) பிறகு இணையமும் வந்தது. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் தொடங்கிய பிறகு போட்டி கூடி, பெரும்பாலான தெருக்களில் ஃபைபர் (ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை) வந்துவிட்டது. இன்றும் உங்கள் காதில் விழும் அபிப்பிராயங்களில் கணிசமானவை அந்தக் கோஆக்சியல் காலத்தில் உருவானவை. ஒருவர் ஒரு நிறுவனத்தைக் குறை சொன்னால், எந்த வருடத்து அனுபவம் என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

நட்சத்திர மதிப்பீடுகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இணைப்பு கொடுத்த அன்றே, ரவுட்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்த சந்தோஷத்தில், வேலைக்கு வந்த பையன் கேட்டுக்கொண்டதற்காக ஐந்து நட்சத்திரம் போடுபவர்கள் உண்டு. இரண்டு நாள் நெட் இல்லாத கோபத்தில் ஒன்று போடுபவர்களும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 300 நாட்களைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். தவிர, அந்த மதிப்பீடு சென்னை முழுவதற்கும் சேர்த்தது. வேளச்சேரி வாடிக்கையாளரின் மனநிறைவு வியாசர்பாடி பி.வி. காலனியில் எதையும் உறுதி செய்யாது.

வேகம் கூடுவதும் குறைவதும் எப்படி என்று தெரிந்துகொண்டால், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகப் புரியும். கேபிள்காரரின் அலுவலகத்தில் ஓ.எல்.டி. (ஒளி சிக்னலை அனுப்பும் தலைமைக் கருவி) இருக்கும். அதிலிருந்து கிளம்பும் ஒரு இழையை, வழியில் கம்பத்திலோ மாடியிலோ இருக்கும் ஸ்பிளிட்டர் (ஒளியைப் பல கிளைகளாகப் பிரிக்கும் சிறு கருவி) 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கேபிள்காரர்களிடம் அதிகம் புழங்கும் ஈபான் வகைக் கருவியில் அந்த ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 1.25 ஜிபிபிஎஸ், ஜிபான் வகையில் இறங்குதிசையில் 2.5 ஜிபிபிஎஸ் அளவு. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரத்தில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் நூலாக ஒழுகுவதைப்போல, இரவு 8 மணிக்கு மேல் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினால் வேகம் குறையும். ஆனால் நெரிசல் பெரும்பாலும் இந்த இழையில் ஏற்படுவதில்லை. கேபிள்காரரோ இடைநிலைக்காரரோ மேலிருந்து எவ்வளவு பேண்ட்வித் வாங்கியிருக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 200 வாடிக்கையாளர்கள் 500 ஆகும்போது அதற்கேற்ப மேல் இணைப்பைப் பெருக்கினாரா? டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2006இல் வெளியிட்ட தர விதிகள், உச்ச நேரத்திலும் இந்த மேல் இணைப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பக்கூடாது என்றன. நல்ல கேபிள்காரர் தன் மேல் இணைப்பின் கணக்கைத் தன் வாயாலேயே சொல்வார். கணக்கைக் கேட்டதும் மழுப்புகிறார் என்றால் அதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடியில் உச்ச நேரம் என்பதும் கொஞ்சம் விநோதமானது. கால்பந்து பித்துப் பிடித்த பகுதி இது. உலகக் கோப்பை நடக்கும் மாதங்களில் நள்ளிரவு தாண்டியும் தெருவே விழித்திருக்கும். அந்த வாரங்களில் நெட் திணறுவதை வைத்து ஒரு நிறுவனத்தைக் கழித்துக்கட்ட வேண்டாம். அந்த வாரங்களிலும் திணறாமல் ஓடினால் அதைத் தாராளமாகப் பாராட்டலாம்.

யாரைக் கேட்பது? முதலில் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். வயர்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன, எந்தப் பெட்டியில் போய்ச் சேருகின்றன என்று பாருங்கள். ஃபைபர் வயர் சப்பையாகவும் மெல்லியதாகவும், ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பியோடு இருக்கும். ஜாயின்ட் பெட்டியின் மூடி பூட்டியிருக்கிறதா, அல்லது வாய் பிளந்த பெட்டியை பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டியிருக்கிறார்களா? மிச்ச வயரை அகலமான வட்டமாகச் சுருட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா, ஆணியில் மடக்கி முறுக்கியிருக்கிறார்களா? கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்கள் எத்தனை? எந்த விளம்பரத்தையும்விட இந்த ஐந்து நிமிடப் பார்வை உங்களுக்கு அதிகம் சொல்லும். அந்தப் பெட்டியிலிருந்து இணைப்பு வாங்கிய வீடுகள் எவை என்று கண்டுபிடித்து, அவர்களிடம் விசாரியுங்கள். நான்கு தெரு தள்ளி இருக்கும் உறவினரின் கருத்துக்கு இங்கே மதிப்பு குறைவு.

அடுத்து, நெட் போனால் வருமானமும் போகும் கடைக்காரர்களைக் கேளுங்கள். அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரிப் பக்கம் விண்ணப்பம் பூர்த்தி செய்து தரும் ஜெராக்ஸ் கடைகள், இ-சேவை மையங்கள், கியூஆர் கோடில் பணம் வாங்கும் மெடிக்கல் ஷாப்கள் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு எந்த லைன் எப்போது போகும், யார் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பது அத்துப்படி. அவர்களில் பலர் இரண்டு இணைப்பு வைத்திருப்பார்கள். முதலாவதாக எதை வைத்திருக்கிறார்கள், அவசரத்துக்கு எதை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘நல்லாயிருக்கா?’ என்று கேட்டால் ‘பரவாயில்ல’ என்ற பதில்தான் வரும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘கடைசியா எப்போ போச்சு? போன் பண்ணி எவ்வளவு நேரத்துல ஆள் வந்தாங்க? ஞாயிற்றுக்கிழமை வருவாங்களா? ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ கால் விட்டு விட்டு வருதா? கரன்ட் போனா நெட்டும் போகுதா?’ என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தை விட்டு விலகியவரைக் கண்டுபிடித்தால், ஏன் விலகினார் என்பதோடு, விலகும்போது டெபாசிட் திரும்பி வந்ததா என்பதையும் கேளுங்கள்.

ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது, ஆனால் திருப்தி இல்லை என்பவர்கள் நிறுவனத்தை மாற்றும் முன் கோளாறு எங்கே என்று பார்த்துவிடுவது நல்லது. என் அனுபவத்தில், ‘ஸ்பீடு வரல’ என்ற புகார்களில் நிறைய வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: காலை 7 மணி, இரவு 9.30 மணி, மழை பெய்த நேரம். முடிந்தால் லேப்டாப்பை லேன் வயர் (ரவுட்டரிலிருந்து நேராக வரும் கம்பி) மூலம் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். வயரில் வேகம் சரியாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை. காலையில் 95, இரவில் 20 என்றால் மேல் இணைப்பில் நெரிசல். எந்த நேரமும் ஒரே மாதிரி குறைவு என்றால் லைனிலோ பெட்டியிலோ பழுது. மழையில் மட்டும் போனால் எங்கோ ஜாயின்டில் ஈரம் இறங்குகிறது, அல்லது காற்றில் வயர் இழுபடுகிறது. தெருவில் மின்சாரம் போகும்போது உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போனால், கேபிள்காரரின் கருவிக்கு மின்சேமிப்பு இல்லை என்று பொருள். கோஆக்சியல் வயர் இன்னும் ஓடும் தெருக்களில் இது சகஜம். வழியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் (சிக்னலைப் பெருக்கும் பெட்டிகளுக்கும்) மின்சாரம் வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் அந்த வயரின் முனைகள் பாசி பிடித்ததுபோலப் பச்சையாக அரித்திருப்பதைப் பார்க்கலாம். முனையை வெட்டிப் புதிது மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வேகச் சோதனையில் ஒரு பொறி உண்டு. சோதனைச் செயலி உங்களுக்கு அருகிலிருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும்; அது உங்கள் நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள்ளேயே இருக்கலாம். யூடியூப் போன்ற பெரிய சேவைகளின் பிரதிகளும் பல நிறுவனங்களின் வளாகத்திலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் படம் தங்குதடையின்றி ஓடும். வெளிநாட்டு சர்வரில் இருக்கும் அலுவலக வேலை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ‘யூடியூப் நல்லா ஓடுது சார்’ என்ற சாட்சியை நம்பிப் பிளான் வாங்கிவிடக் கூடாது. சோதனையில் பெங்களூரு, மும்பை, சிங்கப்பூர் என்று வேறு ஊர் சர்வர்களையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

எண்களிலும் கவனம் வேண்டும். 100 எம்பிபிஎஸ் பிளானில் கோப்பு இறங்கும் வேகம் நொடிக்கு 12 எம்பி அளவில் தெரிந்தால் அது சரியான வேகம்தான்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். விலை மலிந்த பெட்டிகளில் லேன் துளை 100 எம்பிபிஎஸ்க்கு மேல் தாங்காது. அந்தப் பெட்டியோடு 200 எம்பிபிஎஸ் பிளான் வாங்கினால் வயரில் 95ஐத் தாண்டாது. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் (அலைவரிசைத் தடங்கள்) மூன்றுதான்: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றில் முண்டியடிக்கும். கைபேசியில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதே அறைக்குள் வேகம் பல மடங்கு கூடலாம். பெட்டியைத் தரையிலோ, இரும்பு பீரோ பின்னாலோ, மீன் தொட்டி அருகிலோ வைக்காமல், வீட்டின் நடுவில் தலை உயரத்தில் வையுங்கள்.

பெட்டியில் எரியும் விளக்குகளும் பேசும். ‘பான்’ என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் ஒளி வந்து சேர்கிறது. ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு மின்னினால் இழை அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. நீங்கள் எத்தனை முறை சுவிட்சைப் போட்டாலும் வராது, லைன்மேன்தான் வர வேண்டும். சிவப்பு இல்லை, பச்சையும் சரியாக இருக்கிறது, ஆனால் நெட் இல்லை என்றால், ரீசார்ஜ் முடிந்திருக்கலாம் அல்லது மேலே கோளாறு.

லைன்மேன் வந்ததும் ஒளியின் பவரை அளந்து காட்டச் சொல்லுங்கள். அவரிடம் கையடக்க மீட்டர் இருக்கும்.

“அண்ணா, பவர் எவ்ளோ வருதுன்னு காட்டுங்க.”

“மைனஸ் இருபத்தாறும்மா. வருதுல்ல, ஓடும்.”

ஓடும்தான், ஆனால் விளிம்பில் ஓடும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (ஒளியின் வலுவைக் குறிக்கும் அளவு) வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் ஒரு மழைக்கே போய்விடும். இந்தக் கணக்கில் மூன்று எண் குறைந்தாலே ஒளி பாதியாகிறது. ‘ஜாயின்டை மறுபடி அடிங்கண்ணா, கனெக்டரைத் துடைச்சுப் பாருங்க’ என்று பக்குவமாகச் சொன்னால் செய்து கொடுப்பார்கள். எண்ணைத் தெரிந்து பேசும் வாடிக்கையாளரிடம் யாரும் சாக்குப்போக்குச் சொல்வதில்லை. அந்த எண்ணையும் தாளில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறை ஒப்பிட உதவும்.

இனி, செய்யக் கூடாதவை. பெட்டியின் பின்னால் இருக்கும் சிறு துளையில் குண்டூசியை விட்டு ரீசெட் செய்யாதீர்கள். கேபிள்காரர் ஏற்றிவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, லேசான கோளாறு முழு நிறுத்தமாகிவிடும். சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுவது வேறு; அதைத் தாராளமாகச் செய்யலாம். அறுந்த ஃபைபரை வீட்டில் டேப் சுற்றி ஒட்ட முடியாது. பச்சை நிற முனையும் நீல நிற முனையும் வேறு வேறு கோணத்தில் தேய்க்கப்பட்டவை; பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகாதீர்கள். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒளிதான். அலுமினியத் தாளை ரவுட்டருக்குப் பின்னால் நிறுத்துவது, ‘ஸ்பீடு பூஸ்டர்’ செயலி போடுவது, பிளக்கில் செருகினால் வேகம் கூடும் என்று இருநூறு ரூபாய்க்கு விற்கும் டப்பாவை வாங்குவது ஆகியவற்றால் பிளானின் வேகம் ஒரு புள்ளிகூட ஏறாது. செலவைக் குறைக்க ஒரே இணைப்பைப் பக்கத்து வீட்டுக்கும் வயர் போட்டுக் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும், விசாரணை என்று வந்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவுதான்.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும் அளவுக்கு மழை என்றால், பாதுகாப்புக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும். கேபிள்காரரின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீரும். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் இணைப்புகள் அறுந்தன. அந்த நேரத்தில் கம்பெனியை மாற்றுவதால் எதுவும் மாறாது. தொங்கும் வயரைத் தொடாதீர்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்றாலும், அதைத் தாங்கும் இரும்புக் கம்பி அறுந்து மின்கம்பியின் மேல் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து ஒரு நாள் கழிந்த பிறகும் நெட் வரவில்லை என்றால் அப்போது புகார் செய்யுங்கள். வடிகால் வேலைக்கு ஜேசிபி தோண்டும்போது அறுபடுவதும், கம்பங்களில் தொங்கும் கேபிள்களை மாநகராட்சி அகற்றும்போது போவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அப்படிப்பட்ட நாட்களில் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்தார்கள் என்பதுதான் ஒரு கேபிள்காரரின் தரத்தைக் காட்டும்.

பணம் கட்டும் முன் சில கணக்குகள். விளம்பரத்தில் 499 ரூபாய் என்றால், 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்துக் கையிலிருந்து போவது ஏறத்தாழ 589. ‘அன்லிமிடெட்’ என்ற பிளான்களில் பலவற்றுக்கு மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு இருக்கிறது. சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. ஆனால் சிறிய பிளான்களில் வரம்பு எவ்வளவு, அதற்குமேல் வேகம் எவ்வளவாகக் குறையும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் கண்காணிப்புக் கேமரா வைத்து வெளியூரிலிருந்து பார்க்க நினைப்பவர்கள், பொது ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்புக்கு மட்டுமான தனி எண்) கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கேபிள்காரர்கள் பெரும்பாலும் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பது ஆசை காட்டும் வார்த்தை. முதல் மூன்று மாதங்களை, அதிலும் ஒரு மழைக்காலத்தை, மாதக் கட்டணத்திலேயே கடந்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். லைன்மேன் கையில் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் அதில் இருக்க வேண்டும். பெயரே இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு நாளைக்கு எங்கும் முறையிட முடியாது.

புகார் என்றால் கேபிள்காரருக்கு போன் செய்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ‘அண்ணே, நெட் வரலண்ணே’, ‘பாக்கிறேன்மா’ என்பதோடு அது முடிந்துவிடும். எந்தப் பதிவும் இருக்காது. அவரிடம் சொல்லுங்கள், அதுதான் சீக்கிரம் வேலை நடக்கும் வழி. கூடவே, பில்லில் இருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்திலும் பதிந்து, டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்ணை) வாங்கிக்கொள்ளுங்கள். டிராயின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி இந்த எண்ணைத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. பதில் திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால், அங்கே கடிதம் எழுதிக் காத்திருந்து நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தர விதிகள் இரண்டு விஷயங்களில் உங்களுக்குத் துணை. பணம் கட்டியதிலிருந்து ஏழு நாட்களுக்குள் 98 விழுக்காடு பிராட்பேண்ட் இணைப்புகளைக் கொடுத்துவிட வேண்டும். புகார் செய்து மூன்று நாட்களுக்கு மேல் பழுது நீடித்தால், முன்கட்டண வாடிக்கையாளர் உட்பட எல்லாருக்கும் ஈடு தர வேண்டும். இந்த ஈடு பெரும்பாலும் தானாக வந்து சேராது. டாக்கெட் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடைசி வழி நுகர்வோர் ஆணையம். நம் பகுதிக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். தொலைத்தொடர்புப் பிரச்சினைகளையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வீட்டு நெட் எல்லாம் அதற்குள்தான். 600 ரூபாய் பில்லுக்காக ஆணையம் வரை போக வேண்டுமா என்பது அவரவர் முடிவு. ஒரு வருடப் பணத்தை வாங்கிக்கொண்டு கடையை மூடியவர்கள் விஷயத்தில் போகத்தான் வேண்டும் என்பேன்.

எல்லாம் பார்த்துவிட்டு நிறுவனத்தை மாற்றுவதென்று முடிவு செய்தால் அவசரப்படாதீர்கள். குறுகிய சந்துகளிலும் குடியிருப்பு வாரிய அடுக்குகளிலும் புது வயர் இழுக்க வழியில்லை என்று சொல்வார்கள். அங்கே 5ஜி வழியாக வரும் வீட்டு வைஃபையையும் யோசிக்கலாம். 2023இல் இது தொடங்கப்பட்ட முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. பக்கத்துக் கட்டடங்களைப் பொறுத்து சிக்னல் மாறும் என்பதால், பெட்டி வைக்கப்போகும் இடத்திலேயே அதே நிறுவனத்தின் 5ஜி சிம்மை வைத்து, காலை, இரவு இரு நேரமும் சோதித்துவிட்டு இணைப்புக்குச் சொல்லுங்கள். புது இணைப்பு வந்ததும் பழையதை அன்றே வெட்டச் சொல்லாதீர்கள். மீதமுள்ள நாட்கள் இரண்டும் ஓடட்டும், ஒரு சனி ஞாயிறு இரவில் ஒப்பிட்டுப் பாருங்கள். புது ஆட்கள் தங்கள் வயருக்கு இடம் வேண்டி பழைய வயரை அறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய நிறுவனத்துக்கு நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்; வாட்ஸ்அப் செய்தியானால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திரும்ப எடுக்க வருபவரிடம் அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அடாப்டரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். டெபாசிட்டில் பிடித்தம் செய்ய முதலில் தேடுவது அதைத்தான்.